முப்பத்தெட்டு புள்ளி இரண்டு

முப்பத்தெட்டு புள்ளி இரண்டு. இருக்கவே இருக்காது. முந்தின நாள் நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. மறுநாள் நாற்பத்து மூன்று புள்ளி ஒன்று. நடுவில் அந்த ஒருநாள் மட்டும் சூரியன் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதா? ஒரு துண்டு மேகம் உண்டா, ஒரு தூறல் உண்டா? அப்படிக் குளிர்ந்த நாளாக இருந்தால் தார் டிரம்முக்குப் பக்கத்தில் அந்த மனுஷன் ஏன் சுருண்டு விழுந்தான்? வேண்டாம். அதை யோசிக்காதே. கூட்டு, வகு, கையெழுத்துப் போடு. வேலை முடிந்தது.

ஆனால் வேலை முடியவில்லை. மூன்றாவது முறையும் பென்சில் அதே கட்டத்துக்கு வந்து நின்றுகொண்டது. முரட்டு மாடு வரப்பில் நிற்பதைப் போல, தள்ளினாலும் நகரவில்லை.

அந்த வானிலை நிலையத்தில் அவள்தான் எல்லாம். வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறதே தவிர உள்ளே ஒரு மேசை, ஓர் அலமாரி, சுற்றும்போது முனகும் ஒரு மின்விசிறி, இவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கம்பிவேலி போட்ட புல்தரை. அதன் நடுவே நான்கு கால்களில் நிற்கும் வெள்ளைப் பலகைக் கூண்டு. புதிதாக வருகிறவர்கள் புறா வளர்க்கிறாயா என்று கேட்பார்கள். அதற்குள் வெப்பமானிகள். வெப்பத்தைத் தானே கோடாக இழுத்துக்காட்டும் கடிகாரக் கருவி ஒன்றும் இருந்தது. அது பழுதாகித் தலைமை அலுவலகத்துக்குப் போனது; போனது போனதுதான். ஆக அன்றன்றைக்கு எவ்வளவு சுட்டது என்று இந்த வட்டாரத்தில் சொல்லக்கூடியது அவளுடைய கண் ஒன்றுதான்.

அன்றைக்கு அந்தக் கண் இங்கே இல்லை. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நகரத்துக்குப் போயிருந்தாள். திரும்பும் பேருந்து வழியில் நின்றுபோயிற்று. தங்கைக்குப் போன் பண்ணி, மரத்துப்போன வாயால் வழவழவென்று ஏதோ சொல்லி, சாவி இருக்கும் இடத்தைச் சொல்லி, ஐந்தரைக்குப் போய்ப் பார்த்து எழுதிவிடு என்றாள். தங்கையும் அவள் கணவரும் குழந்தையும் பின்வீட்டில்தான் குடியிருந்தார்கள். அக்கா கூண்டைத் திறப்பதைத் தங்கை எத்தனையோ தடவை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறாள். இதென்ன பெரிய வித்தையா என்று கேலியும் பண்ணியிருக்கிறாள்.

வித்தை ஒன்றும் இல்லை. அதிகபட்ச வெப்பமானி எப்போதும் படுத்தேதான் இருக்கும். வெயில் ஏற ஏற அதன் பாதரசமும் ஏறும். வெயில் இறங்கினால் இறங்காது. அதன் கழுத்தில் உள்ள ஒரு குறுகல் அதை இறங்க விடாது. அன்றைய உச்சத்திலேயே பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கும். சாயங்காலம் போய், தொடாமல் குனிந்து, அது நிற்கும் இடத்தைப் படித்து எழுத வேண்டும். எழுதிய பிறகுதான் எடுத்து உதறி, மறுநாளைக்குத் தயாராக வைக்க வேண்டும். முதலில் படிப்பு, பிறகு உதறல். காய்ச்சல் பார்ப்பதற்கு நேர் எதிர்.

தங்கைக்கோ அந்த வாரம் முழுக்கக் குழந்தையின் காய்ச்சல்.

"நல்லா உதறிட்டுத்தான் பார்த்தேன்கா," என்று அன்று இரவு அவள் வந்து சொன்னபோது முகத்தில் பெருமை வழிந்தது. "குட்டிக்குப் பார்த்துப் பார்த்துக் கை பழகிப்போச்சு. உன் வேலைக்கு ஆள் வேணும்னா சொல்லு."

கன்னம் வீங்கிக் கிடந்ததால் இவள் பதில் சொல்லவில்லை. உள்ளுக்குள் சலிப்பாக இருந்தது. உதறிய நொடியில் அன்றைய உச்சம் போய்விட்டது. தங்கை படித்தது சாயங்கால வெப்பத்தை. சரி, மாதக்கடைசியில் அந்தக் கட்டத்தை அடித்துவிட்டு 'நம்பத்தக்கதல்ல' என்று ஓரத்தில் எழுதினால் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அதைச் சொல்லித் தங்கையின் முகத்தை ஏன் சுருங்க வைக்க வேண்டும் என்றுதான் அப்போது தோன்றியது. அந்தச் சமயத்தில்தான் மாப்பிள்ளை வந்து நின்றார். சட்டையெல்லாம் தண்ணீரும் தாருமாக இருந்தது. வாசற்படி ஏறாமல், "ஆளு போயிட்டாரு," என்றார்.

மாப்பிள்ளை சாலை போடும் இடத்தில் மேற்பார்வையாளர். நாற்பது டிகிரியைத் தாண்டினால் நடுப்பகலில் வெட்டவெளி வேலை கூடாது என்பது சட்டம். அது அவருக்கும் தெரியும். ஆனால் தார்க்கலவை லாரி அன்று தாமதமாக வந்து சேர்ந்தது. கலவை வந்துவிட்டால் சூடு ஆறுவதற்குள் கொட்டி விரித்தாக வேண்டும், ஆறிப்போனால் பாறை. அரைமணியில் முடித்துவிடலாம் என்று ஆட்களை இறக்கினார். வாரியால் கலவையை இழுத்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் 'பொறுமை' என்று கூப்பிடுவார்களாம், எதற்கும் அவசரப்படாதவர் என்பதால். அவர்தான் முதலில் தள்ளாடினார். மாப்பிள்ளை தண்ணீர் டிரம்மையே தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருக்கிறார், நிழலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார், வண்டியில் மடியில் கிடத்திக்கொண்டு போயிருக்கிறார். இதெல்லாம் உண்மை. இவள் எதையும் சந்தேகப்படவில்லை. கெட்ட மனுஷர் என்றால் இந்தப் பென்சில் எப்போதோ நகர்ந்திருக்கும்.

விசாரணை ஆரம்பமானது. ஒப்பந்தக்காரர் தரப்பில் இறந்தவருக்கு ஏற்கெனவே இதயம் பலவீனம் என்றார்கள். அன்றைய அதிகபட்ச வெப்பம் என்ன, நிலையத்தின் மாத அறிக்கை வரட்டும் என்று விசாரணை அதிகாரி காத்திருந்தார். நாற்பதுக்குக் கீழே என்றால் விதிமீறல் இல்லை, இயற்கை மரணம், கோப்பு மூடப்படும். முப்பத்தெட்டு புள்ளி இரண்டு என்பது தங்கை வீட்டு வாசலில் வந்து நின்ற தெய்வம் மாதிரி. தங்கை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையால் எழுதினது என் வீட்டைக் காப்பாத்திடுச்சு என்று, இந்தப் பத்துப் பதினைந்து நாளில் அவள் எத்தனை பேரிடம் சொன்னாளோ. கேட்கும்போதெல்லாம் இவளுக்குப் பல் பிடுங்கிய குழி வலித்தது.

இன்று மாத முதல் தேதி. அறிக்கையை வாங்கிப் போக விசாரணை அலுவலகத்து ஊழியர் மதியப் பேருந்தில் வருகிறார்.

காலையிலேயே தலைமை அலுவலகத்திலிருந்து புள்ளிக்காரர் கூப்பிட்டுவிட்டார். தசமப் புள்ளி ஒன்று விட்டுப்போனால் நாலு தடவை போன் பண்ணும் எழுத்தர். அவருக்கு இவள் வைத்த பெயர் அது. அறிக்கை தயாரா என்று கேட்டார். இவள் பொதுவாகக் கேட்பதைப் போல, ஒருநாள் அளவு சரியில்லை என்று தோன்றினால் என்ன செய்வது என்று கேட்டுவைத்தாள். காலியாக விட்டுக் காரணம் எழுதணும், சுயமாக ஊகிச்சு எழுதக் கூடாது, இது உங்களுக்குத் தெரியாதா என்றார். பிறகு சிரித்தபடி, "உங்க நிலையத்துல காலிக் கட்டமா? மத்தவங்க அறிக்கையெல்லாம் சல்லடை மாதிரி வரும். உங்களுதைக் காட்டித்தானேம்மா நான் அவங்களைத் திட்டுறேன்," என்றார்.

போனை வைத்த பிறகு இவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. அந்தப் பாராட்டு உள்ளே போய் இனித்ததே, அதுதான் வெட்கம். காலிக் கட்டம் இல்லாத பெருமைக்காகவும் நாம் இதை அப்படியே விட்டுவிடக்கூடும் என்று புரிந்தது. இன்னொரு பக்கமும் இருந்தது. அதைத் தொடவே பயமாக இருந்தது. தங்கைக்குக் கணவன், குழந்தை, மாலையானால் வாசலில் பேச்சும் சிரிப்பும். இவளுக்கு இந்த வெள்ளைக் கூண்டு. அந்தக் கட்டத்தை அடிக்க வேண்டும் என்று துடிக்கிறாயே, அதில் நேர்மை எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு? மனசை எந்தக் கருவியில் வைத்துப் படிப்பது? எத்தனை குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை. கொஞ்சமாவது இருக்கத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டாள். இருந்துவிட்டுப் போகட்டும். என் மனசு அழுக்காக இருப்பதால் அந்த நாள் குளிர்ந்துவிடாது.

போன வாரம் பொறுமையின் மனைவி வந்திருந்தாள். உள்ளே வரச் சொல்லியும் வராமல் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. இந்தப் பெட்டிதானா என்று கூண்டைக் காட்டிக் கேட்டாள். ஆமாம் என்றதும் வெகுநேரம் அதையே பார்த்தாள். அவருக்கு நெஞ்சில் ஒன்றும் கிடையாது, மூட்டை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற ஆள் என்றாள். பிறகு கேட்டாள்: "அன்னைக்கு வெயில் எவ்வளவுன்னு இது சொல்லுச்சு?"

மாதக்கணக்கு முடியட்டும் என்று இவள் சொன்னாள். வாயில் வந்த முதல் சாக்கு. அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அரசாங்கத்து வேலை என்றால் அப்படித்தான், முடிந்தால்தான் சொல்வார்கள் என்று நம்பிப் போனதைப் போலிருந்தது அந்த நடை.

கதவு தட்டாமலே திறந்தது. முன்னால் மாப்பிள்ளை, பின்னால் தங்கை. மாப்பிள்ளை சவரம் பண்ணி, சலவைச் சட்டை போட்டிருந்தார். ஆனால் கழுத்துப் பொத்தானை மாற்றி மாட்டியிருந்தார். மனைவியின் அக்காவை அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு நாற்காலியில் உட்காரவில்லை.

"முடிஞ்சுதாக்கா?"

"இன்னும் இல்ல, மாப்பிள்ளை."

"ஒரு கூட்டலுக்கு இவ்வளவு நேரமா?" என்று சிரித்தபடி தங்கை மேசைக்கு வந்தாள். "கொடு, நான் போட்டுத் தரேன். பள்ளிக்கூடத்துல கணக்குல நீ என்னைவிட மார்க் கம்மிதானே."

சிரிப்பு அவள் உதட்டிலேயே நின்றது. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்களுக்கு முகத்தை மறைக்கத் தெரிவதில்லை.

இவள் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்காமல், வெப்பமானி எப்படி வேலை செய்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும், அன்றைக்கு எது முதலில் நடந்தது என்று சொன்னாள். உன்மேல் தப்பில்லை, சரியாகச் சொல்லிக்கொடுக்காதது என் தப்பு என்றும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தங்கையின் வலது கை தானாக எழுந்து, காற்றில் ஒருமுறை உதறுவதைப் போல அசைந்து, நடுவிலேயே நின்றது. பிறகு அந்தக் கையை அவள் இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளைக்கு ஆச்சரியம் இல்லை. அந்த வெயிலில் நின்றவர் அவர். முப்பத்தெட்டு என்று கேட்ட அன்றைக்கே அவருடைய தோலுக்குத் தெரிந்திருக்கும்.

அவர் மெதுவாகத்தான் பேசினார். கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார். கட்டத்தைக் காலியாக விட்டால் நிலையத்தை விட்டுவிட்டு ஆட்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றார். அன்று வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் கலவை கொட்டச் சொன்னது யார் என்று அவரைத்தான் காட்டுவார்கள். லாரியை அனுப்பியவர்கள், நாள் குறித்து நெருக்கியவர்கள் பெயர் எங்கேயும் வராது. நான் உள்ளே போனால் இந்தக் குழந்தைக்கு யார் என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பது இவளுக்குத் தெரிந்தது. எல்லாம் அப்படியேதான் நடக்கும்.

"உங்களை நான் பொய் எழுதச் சொல்லலக்கா. எதையும் மாத்தச் சொல்லல. இருக்கிறதை இருக்கிறபடி விடுங்க. கீழே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

"அந்தக் கையெழுத்துக்கு மேல என்ன எழுதியிருக்கு பாருங்க. சரிபார்க்கப்பட்டதுன்னு இருக்கு."

"யாருக்கா அதையெல்லாம் படிக்கிறாங்க?"

"நான் படிச்சுட்டேனே, மாப்பிள்ளை."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் ஏறி இறங்கின. வெளியே வெயில் புல்லை வறுத்துக்கொண்டிருந்தது. பேருந்து வரும் சாலை ஜன்னலிலிருந்து தெரியும். அதில் ஒன்றும் வரவில்லை. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். செத்தவனுக்கு நான் செய்யாததா என்று முணுமுணுத்தார். இரண்டு நாளாக அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன், அவன் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன் என்றார். அவரிடம் ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று இவள் மனசு தவித்தது. எதைச் சொன்னாலும் அடுத்த நிமிஷம் செய்யப்போவது அதை ஏமாற்றாக்கிவிடும் என்று தோன்றியது.

"நீங்க வெளியே இருங்க," என்று தங்கை கணவரிடம் சொன்னாள்.

அவர் போனார். கதவு சாத்திக்கொண்டது. தங்கை நாற்காலியை இழுத்து அக்காவுக்கு எதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். திட்டப்போகிறாள் என்று இவள் தன்னைத் தயார்ப்படுத்திக்கொண்டாள். உனக்குக் குடும்பம் இருந்தால் தெரியும் என்பாள். இல்லையென்றால் அழுவாள். இரண்டுக்கும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

தங்கை இரண்டையும் செய்யவில்லை.

"நான் உதறலக்கா," என்றாள்.

"என்னடி?"

"படிச்சு எழுதிட்டு, அப்புறம்தான் உதறினேன். அன்னைக்கு ராத்திரி பேச்சுவாக்குல மாத்திச் சொல்லிட்டேன். குட்டிக்குக் காய்ச்சல், எனக்குத் தூக்கமில்ல. முன்னாடி பின்னாடி குழம்பிப்போச்சு." நிறுத்தினாள். குரல் நடுங்கவே இல்லை. "நீ பக்கத்துல நின்னு பார்த்தியா என்ன?"

இவள் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கூண்டுக்கு முன்னால் தங்கை மட்டும்தான் இருந்தாள்.

இந்தப் பெண்ணுக்குப் பொய் வராது. சின்ன வயதில் கண்ணாடித் தம்ளரை உடைத்தால் துண்டுகளைப் பாவாடையில் பொறுக்கிக்கொண்டு தானே வந்து நிற்பாள். நீ உடைக்கலைன்னு சொல்லியிருந்தா நான் பூனைன்னு சொல்லியிருப்பேனேடி என்று இவள்தான் தலையில் அடித்துக்கொள்வாள். இப்போது அதே கண்கள் இமைக்காமல் பார்க்கின்றன. இந்தப் பொய்யை அவள் யாருக்காகவோ கற்றுக்கொண்டுவிட்டாள். கதவு திறந்து சாத்துவதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாள். கோபத்துக்குப் பதில் இவளுக்குத் தாங்க முடியாத ஒரு பாசம்தான் வந்தது. அந்தப் பாசம்தான் எல்லாவற்றையும்விட ஆபத்து என்றும் தெரிந்தது.

"நீ பொய்க் கையெழுத்துப் போட வேண்டாம்கா. அந்தப் பாவம் உனக்கு வேண்டாம்," என்றாள் தங்கை. "நான் சொல்றதை நம்பு. அது மட்டும் போதும். நீ நம்பிட்டா அது சரியான அளவுதானே? நாளைக்கு யார் கேட்டாலும், என் தங்கச்சி சொன்னா, நான் நம்பினேன்னு சொல்லு. பொய்யா இருந்தா அது என் தலையில."

எவ்வளவு சுலபமாக வழி போட்டுவிட்டாள். கால் வைத்தால் போதும். இவள் கால் வைத்தும் பார்த்தாள். கண்ணை மூடி, தங்கை கூண்டின் கதவைத் திறப்பதையும், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிவதையும், படிப்பதையும், எழுதுவதையும், அதற்குப் பிறகு எடுத்து உதறுவதையும் ஒவ்வொன்றாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். படம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அந்தப் படத்தில் வெயில் இல்லை. மதியம் பேருந்து நின்றுபோன சாலையோரத்தில், வீங்கிய கன்னத்தோடு, நிழலுக்கு ஒரு மரம் தேடி நடந்தாளே, செருப்பைத் தாண்டிப் பாதம் சுட்டதே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கருவி மறந்ததை அவள் கால் மறக்கவில்லை. தன் காலை ஆதாரம் என்று அறிக்கையில் எழுத முடியாது. அது நாற்பதா நாற்பத்து மூன்றா என்று அவளுக்கும் தெரியாது. தெரியாது என்று மட்டும்தான் எழுத முடியும். அதைத்தான் எழுத வேண்டும்.

வெளியே மாப்பிள்ளை இருமினார். தூரத்தில் பேருந்தின் ஹாரன் கேட்டது. தங்கை அதைக் கேட்டுத் திரும்பவில்லை. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது.

"நம்புறேன்னு சொல்லுக்கா."

இவள் பேனாவை எடுத்தாள். பிடித்திருந்த கையை விலக்கவில்லை. அந்தக் கையும் சேர்ந்தே நகர்ந்தது. முப்பத்தெட்டு புள்ளி இரண்டின்மேல், எண் தெரியும்படியே, ஒரு கோடு போட்டாள். ஓரத்தில் காரணத்தை எழுத ஆரம்பித்தாள்.

"அக்கா. ஒரே ஒரு தடவை."

இவள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடட்டுமா என்று கேட்டால் சொல்வதைப் போல, அவ்வளவு மெதுவாக, "இல்லடி," என்றாள். "எனக்கு நம்ப முடியல."